கடல் எச்சரிக்கைத் தகவல் திட்டம்: நிதி, கூட்டாளிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளச்சல், மார்த்தாண்டம், நாகர்கோவில் என்று எங்கே கூட்டம் நடந்தாலும் உண்மையான சந்தேகங்கள் டீ குடிக்கும்போதுதான் வெளியே வரும். நான் குமரிக் கடற்கரையில் ஒரு சிறிய அறக்கட்டளைக்குப் பல வருடமாகக் கணக்கும் கடிதமும் பார்க்கிறவன். புயல், பேரலை, சுனாமித் தகவலை ஊருக்குள்ளும் கடலுக்குள்ளும் கொண்டு சேர்ப்பது எங்கள் வேலை. அதே கேள்விகளை மறுபடி மறுபடி கேட்டதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைக்கிறேன். சட்டம் சம்பந்தப்பட்டவற்றில் கையெழுத்துப் போடும் முன் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன.

செய்தி சொல்லுததுக்கு எதுக்கு திட்டம், நிதி எல்லாம்? வாட்ஸ்அப்ல போட்டா போதாதா?

2017 நவம்பர் 29 அன்று காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் முற்பகலில் குமரிக் கடலிலேயே ஒக்கிப் புயலாகிவிட்டது. வாட்ஸ்அப் அப்போதும் இருந்தது. ஆனால் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடிப் பக்கத்து ஆட்கள் பல நாள் முன்பே தூண்டிலோடு ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். கரை மறைந்து கொஞ்ச தூரம் போனால் செல்போன் ஊமை. படகில் உள்ள வி.எச்.எஃப். வானொலிக் கருவியும் அவ்வளவு தூரம் எட்டாது. செய்தி கரையிலேயே நின்றுவிட்டது.

துறைமுகத்திலிருந்து படகு வரைக்குமான அந்தத் தூரத்துக்குத்தான் பணம் வேண்டும். ஏலக்கூடத்தில் ஒரு கரும்பலகை, குருசடிப் பக்கம் ஒலிபெருக்கி, ரீசார்ஜ், கருவிகளின் பராமரிப்பு, இரவு இரண்டு மணிக்கு எழுந்து வந்து பலகையில் எழுதும் ஆளுக்குப் படி. கருவியை யாரும் வாங்கித் தருவார்கள், எழுதுகிற ஆளுக்குப் படி தரத்தான் யோசிப்பார்கள். விண்ணப்பத்தில் இதை விளக்கச் சிரமப்பட்டால் ஒரு துணை இருக்கிறது: சுனாமிக்கு அடுத்த ஆண்டு, 2005இல், செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு தன் உலகப் பேரிடர் அறிக்கையைத் ‘தகவல்’ என்ற பொருளுக்கே ஒதுக்கியது. தண்ணீர், சோறு, மருந்து, கூரை மாதிரி தகவலும் நிவாரணம்தான் என்பது அதன் வாதம்.

அப்போ நாங்களே எச்சரிக்கை விடலாமா? எங்க பெரியவங்களுக்கு காத்தப் பாத்தாலே தெரியும்.

பெரியவர்களுக்குத் தெரியும் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனாலும் விடக்கூடாது. காற்று, புயல் பற்றி வானிலை ஆய்வு மையம் சொல்லும். அலை, கடல் சீற்றம், சுனாமி பற்றி ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் நிறுவனம் சொல்லும். நாம் அதை எடுத்து, யார் எத்தனை மணிக்குச் சொன்னது என்ற விவரத்தோடு கடத்துகிறோம். 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54ஆம் பிரிவு, பீதியைக் கிளப்பும் பொய் எச்சரிக்கைக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ விதிக்கிறது. நல்லெண்ணத்தில் செய்தோம் என்று காவல் நிலையத்தில் போய் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டாம்.

நமக்கென்று உள்ள வேலை மொழிபெயர்ப்பு. அறிக்கையில் ‘3.3 மீட்டர் அலை’ என்றால் பலகையில் ‘ரெண்டு ஆள் உயரம்’ என்று எழுதுங்கள். நம் கரையும் கேரளக் கரையும் பேசுகிற ‘கள்ளக்கடல்’ என்ற சொல்லை 2012இல் யுனெஸ்கோவே அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. காற்றே இல்லாத நாளில், எங்கோ தெற்கே பெருங்கடலில் கிளம்பிய அலை திருடனைப் போல வந்து கரையேறுவது அது. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அப்போது நடப்பில் இருந்தது. அதற்குப் பிறகுதான் நாங்கள் மீனவர் அல்லாதவர்களுக்கும் பலகை வைக்க வேண்டும் என்று திட்ட அறிக்கையில் சேர்த்தோம். அதுவரை எங்களுக்கும் உறைக்கவில்லை.

எங்களுக்கு டிரஸ்ட் கிடையாது, ஊர்ச் சங்கந்தான் உண்டு. நிதி கேக்க முடியுமா?

பதிவு இல்லாமல் கேட்டால் யாரும் தர மாட்டார்கள். அறக்கட்டளை, 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் சங்கம், கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவு நிறுவனம் என மூன்று வழிகள். பிறகு பான் எண், இரண்டு பேர் கையெழுத்துப் போடும் வங்கிக் கணக்கு, அமைப்புக்கு வரி விலக்கு தரும் 12ஏபி, கொடையாளருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி பதிவுகள். இந்தப் பிரிவு எண்கள் பழைய வருமான வரிச் சட்டத்தில் உள்ளவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதால் படிவங்களில் எண் வேறாக இருக்கும், ஆனால் வாயில் இன்னும் பழைய எண்தான் ஓடுகிறது.

உடனே எல்லாம் வேண்டும் என்றில்லை. பதிவுள்ள பக்கத்து ஊர் அறக்கட்டளையோடு சேர்ந்து உள்நாட்டு நிதியில் ஒரு வருடம் வேலை செய்து பாருங்கள். கணக்கு வைக்கும் பழக்கம் வந்துவிடும். பதிவு பிறகு எளிது.

துபாய், சவூதில இருக்க நம்ம பயலுவ அனுப்புத காசு வெளிநாட்டு நிதியா?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். பாதிப் பேர் பயந்து அந்தக் காசையே வாங்காமல் விட்டிருக்கிறார்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர், வெளிநாட்டில் தான் சம்பாதித்ததிலிருந்து, வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கடவுச்சீட்டின் முதல் பக்க நகலை வாங்கி ரசீதோடு வையுங்கள்.

வில்லங்கம் இரண்டு இடத்தில். அமெரிக்காவில் குடியுரிமை வாங்கிவிட்ட அண்ணன், ஓ.சி.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். அவர் 100 டாலர் அனுப்பினாலும் எஃப்.சி.ஆர்.ஏ., அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படியான பதிவு, வேண்டும். அடுத்தது, அங்கே பதிவு செய்த ஊர் நலச் சங்கம் எல்லாரிடமும் வசூலித்துச் சங்கத்தின் பெயரில் அனுப்புவது. கொடுத்தவர்கள் அத்தனை பேரும் நம் ஆட்களாக இருந்தாலும் அனுப்பியது வெளிநாட்டு அமைப்பு. ஆளுக்கு ஆள் தனித்தனியாக அனுப்பச் சொல்லுங்கள்.

எஃப்.சி.ஆர்.ஏ. எடுக்கணும்னா என்னெல்லாம் வேணும்?

அமைப்பு தொடங்கி மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும். அந்த மூன்று வருடத்தில் முக்கிய நோக்கத்துக்காகக் குறைந்தது ₹15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும். பணம் முதலில் புதுடெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்கு மட்டுமே வரலாம். அங்கிருந்து குளச்சல் கிளைக்கு மாற்றிக்கொள்ளலாம். பதிவு 5 வருடத்துக்கு. நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள், அதாவது டிசம்பர் 31க்குள், ஆண்டு அறிக்கை போட வேண்டும். ஒரு ரூபாய்கூட வராத வருடமும் போட வேண்டும். மூன்று வருடம் ஆகாதவர்கள் ஒரு குறிப்பிட்ட கொடையாளரிடமிருந்து குறிப்பிட்ட தொகைக்கு மட்டும் முன் அனுமதி கேட்கலாம்.

நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 2020 திருத்தத்துக்கு முன் இது 50 ஆக இருந்தது. தகவல் திட்டத்துக்கு இது பெரிய இடி, ஏனென்றால் நம் செலவில் பெரும்பகுதி ஆட்களும் போக்குவரத்தும்தான். பலகை எழுதுபவரின் படி திட்டச் செலவா நிர்வாகச் செலவா என்று வரவு செலவுத் திட்டம் போடும்போதே ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். தணிக்கையின்போது கேட்டால் காலம் கடந்துவிடும்.

பெரிய அமைப்புக்கு வெளிநாட்டுப் பணம் வருது. அதுல ஒரு பங்கு எங்களுக்குத் தரலாம்லா?

தரமுடியாது. அதே 2020 திருத்தம் அதை அடைத்துவிட்டது. வாங்குகிறவருக்கும் எஃப்.சி.ஆர்.ஏ. இருந்தால்கூட ஒருவர் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கக்கூடாது. பெரிய அமைப்பு நம் ஊரில் நேரடியாகச் செலவழிக்கலாம்: அவர்களே ஆளை நியமிக்கலாம், அவர்களே கருவி வாங்கி வைக்கலாம். நாம் இடமும் ஆதரவும் தரலாம்.

‘ஆலோசனைக் கட்டணம்’ என்று பில் போட்டால் போதும் என்று யாராவது குறுக்கு வழி சொல்வார்கள். எங்களிடமும் ஒருவர் சொன்னார், வெளியூர் அமைப்பு, நல்ல ஆட்கள்தான். நாங்கள் என்ன ஆலோசனை சொன்னோம் என்று ஒரு வரி எழுதச் சொன்னபோது இரு தரப்புக்கும் எழுத வரவில்லை. அதோடு விட்டுவிட்டோம்.

வெளிநாட்டு நண்பர் சாட்டிலைட் போன் சும்மா தாராராம். அது காசு இல்லையே?

பொருளும் வெளிநாட்டு நன்கொடைதான். அது போக, சாட்டிலைட் போன் இங்கே உரிமம் இல்லாமல் வைத்திருக்கவே கூடாது. அனுமதியுள்ள இணைப்பு பி.எஸ்.என்.எல். வழியாகத்தான். உதவி செய்ய வந்தவரும் மாட்டுவார், படகுக்காரரும் மாட்டுவார். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்க, 2019இல் அறிமுகமான ஜெமினி கருவி போல அரசே தரும் வழிகளைக் கேளுங்கள்.

கடல் செய்தி சொல்லுதோம், சின்னதா ஒலிபரப்பும் செய்யுதோம். வெளிநாட்டு நிதி வாங்குனா எங்கள ஊடகம்னு சொல்லிருவாங்களா?

சொல்ல வாய்ப்பு உண்டு. நாம் நினைப்பதைவிடக் கிட்டத்திலேயே இருக்கிறது. எஃப்.சி.ஆர்.ஏ. 3ஆம் பிரிவில், மின்னணு வழியில் ஒலிச் செய்தியோ ஒளிச் செய்தியோ நடப்பு விவகார நிகழ்ச்சியோ தயாரிக்கும் அமைப்பு வெளிநாட்டு நிதியே பெறக்கூடாது என்று இருக்கிறது. செய்தியாளர், பத்தி எழுதுபவர், பதிவுபெற்ற பத்திரிகையின் ஆசிரியர், உரிமையாளர் ஆகியோருக்கும் இதே தடை. ஆகவே உங்கள் அறங்காவலர்களில் யாராவது உள்ளூர் நாளிதழுக்கு எழுதுகிறாரா என்றும் பாருங்கள்.

அலை உயரம், காற்றின் வேகம், எந்தத் துறைமுகத்தில் ஒதுங்கலாம் என்பதைப் பொதுச்சேவைத் தகவல் என்று நியாயமாகச் சொல்லலாம். அதே குழுவில் நிவாரணத் தொகை கேட்டு மறியல் நடந்த வீடியோவும் அமைச்சர் பேச்சும் ஓடினால் வாதம் பலவீனமாகிவிடும். மறியல் செய்தி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வேண்டும்தான். ஆனால் அது வேறு குழுவில், வேறு ஆள் பொறுப்பில், உள்ளூர்ப் பணத்தில் நடக்கட்டும்.

வானொலி பற்றிக் கேட்பவர்களுக்கு: 2006 முதல் தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி தொடங்கலாம். பாம்பனில் ‘கடல் ஓசை’ அப்படி வந்ததுதான். ஆனால் உரிமம், கோபுரம், மின்சாரம் என்று செலவு ஏறும். நம் மாவட்டத்தில் 1984 முதல் நாகர்கோவில் வானொலி இருக்கிறது. தினம் ஐந்து நிமிடம் அவர்களிடம் கேட்டு வாங்குவது மலிவு. சொந்தக் கோபுரம் கனவு நல்லதுதான், சம்பளம் யார் தருவது என்று தெரிந்த பிறகு காணலாம்.

கம்பெனிகள் சி.எஸ்.ஆர். நிதி தருவாங்களாமே, அத எப்பிடிப் பிடிக்கது?

நிகர மதிப்பு ₹500 கோடி, விற்றுமுதல் ₹1,000 கோடி, நிகர லாபம் ₹5 கோடி: இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். எதற்குச் செலவழிக்கலாம் என்ற பட்டியலில் பேரிடர் மேலாண்மையும் இருக்கிறது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். இந்த நிதியை வாங்க உங்கள் அமைப்புக்கு சி.எஸ்.ஆர்.-1 என்ற படிவத்தில் பெற்ற பதிவு எண் வேண்டும்.

பிப்ரவரி மாதம் திடீரென்று போன் வரும், மார்ச் 31க்குள் செலவழித்துக் கணக்குக் கொடுங்கள் என்று. அந்த அவசரத்தில் வாங்கிய ஒலிபெருக்கிகள் எத்தனை ஊரில் துருப்பிடித்துக் கிடக்கின்றன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ‘தொடர் திட்டம்’ என்ற வகையில் ஏற்கச் சொல்லுங்கள். தொடங்கும் வருடம் போக மேலும் மூன்று வருடம் வரை பணத்தைப் பிரித்துச் செலவழிக்க விதியில் இடம் இருக்கிறது.

எச்சரிக்கை மெசேஜ்லயே கம்பெனி பேரு போடணும்னு கேக்காங்க. போடலாமா?

பலகையின் அடியில் போடுங்கள், ஆண்டறிக்கையில் போடுங்கள். எச்சரிக்கைச் செய்திக்குள் வேண்டாம். ‘யார் சொன்னது’ என்ற இடத்தில் வானிலை மையம் அல்லது இன்காய்ஸ் பெயர் மட்டும்தான் இருக்க வேண்டும் என்பதை இரண்டாம் கேள்வியிலேயே சொன்னேன். விளம்பரம் மாதிரித் தெரிகிற செய்தியை ஆட்கள் படிக்காமல் தள்ளிவிடுவார்கள், நாமும் அப்படித்தானே.

இதைவிடச் சங்கடமான ஒன்று: ஊரே எதிர்த்துப் போராடும் கம்பெனி நிதி தர முன்வந்தால்? சட்டப்படி தடை ஏதும் இல்லை. நான் வாங்காதீர்கள் என்பேன். அந்தப் பணத்தில் வைத்த பலகையில் ‘கடலுக்குப் போகாதே’ என்று எழுதினால், இதில் அவர்களுக்கு என்ன லாபம் என்றுதான் முதலில் யோசிப்பார்கள். என் கருத்து பெரிதில்லை, ஊர்க் கூட்டத்தில் வைத்துக் கேளுங்கள், முடிவைக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

உங்க எச்சரிக்கையால எத்தன உயிர் பிழைச்சதுன்னு எழுதச் சொல்லுதாங்க. என்ன எழுத?

எழுதாதீர்கள். போகாத படகு போயிருந்தால் முங்கியிருக்கும் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஒரு தடவை நானே ஒரு எண் போட்டு அனுப்பினேன். அடுத்த வருடம் அதைவிடப் பெரிய எண் கேட்டார்கள். புயல் வராத வருடம் அது!

நாங்கள் இப்போது நேரத்தை அளக்கிறோம். அறிக்கை வெளியான நேரம், நம் ஆள் பார்த்த நேரம், பலகையில் எழுதிய நேரம், படகு உரிமையாளருக்குப் போன் போட்ட நேரம். நான்கு கட்டம் போட்ட ஒரு நோட்டு. ஆரம்பத்தில் சாயங்கால அறிக்கை பலகைக்கு வர இரவு ஒன்பதாகிவிட்டது. எங்கே நேரம் போகிறது என்று பார்த்தால் எழுதுபவருக்கு ஜெப நேரம், பிறகு சாப்பாடு. இரண்டாவதாக ஒரு பெண்ணை நியமித்தோம், ஏழு மணிக்குள் வர ஆரம்பித்தது. கொடையாளருக்கு இந்தக் கதை பிடித்திருந்தது, எண்ணைவிட.

எச்சரிக்கை விட்டும் ஒன்றும் நடக்காமல் போன நாட்களையும் எழுதுங்கள். மூன்று தடவை அப்படிப் போனால் நான்காவது தடவை ‘இவனுவ சும்மா சொல்லுவானுவ’ என்று வள்ளத்தை இறக்கிவிடுவார்கள். அந்த இழந்த நாள் கூலி பற்றி ஊரில் என்ன பேசுகிறார்கள் என்பது அறிக்கையில் இருக்க வேண்டிய விஷயம்.

ரெண்டாம் தவணை லேட்டா வருவு. அதுவரைக்கும் என்ன செய்ய?

கொடையாளரின் வருடம் ஏப்ரலில் தொடங்கும், சிலருக்கு ஜனவரியில். நம் வருடம் கடலுக்குக் கட்டுப்பட்டது. மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆட்கள் வீட்டில் இருக்கும் அந்த இரண்டு மாதம்தான் பயிற்சிக்குத் தோது. கள்ளக்கடல் பெரும்பாலும் ஏப்ரல், மே. புயல் அக்டோபர் முதல் டிசம்பர். இதை ஒரு தாளில் வரைந்து விண்ணப்பத்தோடு இணையுங்கள், அக்டோபருக்கு முன் இரண்டாம் தவணை வர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

ஒரு வருடம் நாங்கள் இதை எழுதவில்லை. நவம்பர் நடுவில் ரீசார்ஜ் தீர்ந்தது. பணம் ஜனவரியில் வந்தது, ‘நிர்வாகக் காரணங்கள்’ என்ற ஒரு வரியோடு. இடையில் பலகை எழுதின அண்ணன் தன் கைக்காசில் போன் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியவே பத்து நாள் ஆனது. அதிலிருந்து மூன்று மாத ரீசார்ஜும் படியும் உள்ளூர் நன்கொடையில் தனியாக வைத்திருக்கிறோம். துபாய்ப் பணம் பற்றிச் சொன்னேனே, அதை இதற்குத்தான் வைப்போம்.

கூட்டாளிகளோட புரிந்துணர்வு ஒப்பந்தம் போடும்போ என்ன எழுதணும்?

‘இணைந்து செயல்படுவோம்’ என்று பத்துப் பக்கம் எழுதுவதைவிட, யார் யாருக்கு எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும், அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்று ஒரு பக்கம் போதும். ஆள் பெயரில் போடாதீர்கள். பங்குத்தந்தை மாற்றலாகிப் போவார், அதிகாரி மாறுவார். பங்குப் பேரவை, படகு உரிமையாளர் சங்கம், மீன்வளத்துறை அலுவலகம் என்று பதவிக்கும் அமைப்புக்கும் போடுங்கள்.

நம் ஆழ்கடல் படகுகளில் பல கொச்சியில்தான் மீன் இறக்குகின்றன. அங்கே ஒரு கூட்டாளி இல்லாவிட்டால் திட்டம் பாதிதான். மலையாளம் தெரிந்த ஒருவர் இங்கே வேண்டும், தமிழ் தெரிந்த ஒருவர் அங்கே.

படகுப் பட்டியல், போன் நம்பர், எங்க தொழிலுக்குப் போறாங்கங்கதெல்லாம் கேக்காங்க. குடுக்கலாமா?

எண்ணிக்கை கொடுங்கள், பெயர் கொடுக்காதீர்கள். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதம் கேட்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கொடுக்கக்கூடாது என்பேன். எந்த இடத்தில் மீன் கிடைக்கிறது என்பது அண்ணன் தம்பிக்குள்ளேயே சொல்லாத விஷயம். இந்தியப் பெருங்கடலில் தொலைவில் உள்ள டீகோ கார்சியா தீவுப் பக்கம் போய்ப் பிடிபட்ட படகுகள் நம் கரையில் உண்டு. அந்த மாதிரி இடம் ஒரு அறிக்கையின் இணைப்பில் அச்சாகி வந்தால் அடுத்து யாரும் நம்மிடம் வாய் திறக்க மாட்டார்கள்.

அதே நேரம் பட்டியல் ஊரில் இருந்தே ஆக வேண்டும். ஒக்கியின்போது காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதில் ஆளுக்கொரு பட்டியல் இருந்தது. படகு, பதிவு எண், போன ஆட்கள், போன தேதி, வீட்டு எண். பூட்டிய அலமாரியில் ஒரு நோட்டு, சாவி இரண்டு பேரிடம். அதை எப்போது, யார் சொன்னால் திறக்கலாம் என்பதை மேலே சொன்ன ஒரு பக்க ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

வருசக் கடைசில காசு மிஞ்சிட்டு. வேற செலவுக்கு எடுத்துக்கலாமா?

கொடையாளரிடம் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கி எடுக்கலாம். கேட்காமல் எடுக்கக்கூடாது. வெளிநாட்டு நிதியாக இருந்தால் அதற்கு வந்த வட்டியும் வெளிநாட்டு நிதிதான், அந்த வட்டியில் டீக்கடை பாக்கியைக் கட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் மிஞ்சுவது ‘அச்சுச் செலவு’ என்ற தலைப்பில் இருக்கும். அதைப் பலகைக்குப் பெயிண்ட் அடிக்க மாற்றித் தரச் சொல்லி நான் கேட்ட ஒரு தடவையும் இல்லை என்று சொன்னதில்லை.